எஃப்.எல். ஸ்டுடியோவில் உருவான பாடலை ப்ரோ டூல்ஸுக்குக் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி: நான்கு நிமிடப் பாடல் ஒன்றை எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் 40 டிராக்குகளில் அமைத்திருக்கிறேன். மிக்ஸிங் செய்பவர் ப்ரோ டூல்ஸ் பயன்படுத்துகிறார். டிராக்குகளை வேவ் கோப்புகளாக அனுப்பினேன். அங்கே பாடல் வேகமாகவும் சுருதி கூடியும் ஒலிக்கிறது என்றார். அதைச் சரிசெய்த பிறகும், எல்லாவற்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் என் மிக்ஸ் போல இல்லை. ப்ராஜெக்டை அப்படியே மாற்ற வழியே இல்லையா?

பதில்: இந்த இரண்டு மென்பொருள்களுக்கும் இடையே அப்படி ஒரு நேர்வழி இல்லை. ப்ராஜெக்ட் கோப்பு என்பது பெரும்பாலும், எந்த ஒலியை எந்த இடத்தில் வைத்து எந்த ப்ளக்-இன் (மென்பொருளில் சேர்க்கும் கருவி அல்லது எஃபெக்ட்) வழியாக அனுப்ப வேண்டும் என்ற கட்டளைகளின் தொகுப்புதான். அதை எழுதிய மென்பொருளுக்கே அது முழுமையாகப் புரியும். மேலும் ப்ரோ டூல்ஸ் ஏ.ஏ.எக்ஸ். வகை ப்ளக்-இன்களை மட்டுமே ஏற்கும் என்பதால், உங்களிடம் உள்ள வி.எஸ்.டி. என்ற வேறு வகைக் கருவிகள் அங்கே அதே வடிவில் திறக்காது. ஆகவே ஒலிக் கோப்பாக எழுதி, அதாவது ரெண்டர் செய்து, அனுப்பியது சரியான முடிவு. தவறு ரெண்டர் செய்த விதத்தில் இருக்கிறது.

முதலில் சுருதிக் கோளாறு. சாம்பிள் ரேட்டில், அதாவது ஒலி விநாடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதில், உங்கள் ப்ராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸிலும் அவருடைய செஷன் (ப்ரோ டூல்ஸ் ப்ராஜெக்ட்) 48 கிலோஹெர்ட்ஸிலும் இருந்து, கோப்புகள் மாற்றப்படாமல் நேரடியாகச் சேர்க்கப்பட்டால், நான்கு நிமிடப் பாடல் சுமார் 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) உயரும். எந்த சாம்பிள் ரேட் என்பதை அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, செஷனை உங்கள் ப்ராஜெக்டின் ரேட்டிலேயே திறக்கச் சொல்வது நல்லது. ரெண்டருக்கு 24 பிட் போதும். ஏதேனும் டிராக் 0 டெசிபெலைத் தாண்டுகிறது என்றால் 32 பிட் ஃப்ளோட் தேர்ந்தெடுங்கள். அதில் உச்சம் வெட்டுப்படாது. 24 பிட் ஸ்டீரியோவில் நான்கு நிமிடக் கோப்பு ஒன்று சுமார் 63 மெகாபைட், 40 கோப்புகள் சேர்ந்து இரண்டரை கிகாபைட் வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எம்.பி.3 அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு; வேண்டாம்.

மிக்ஸ் ஒத்துப்போகாததுதான் சிக்கலான பகுதி. இதற்கு மூன்று காரணங்களைச் சந்தேகிக்கிறேன்.

எஃப்.எல். ஸ்டுடியோவில் மிக்ஸர் டிராக்குகளைப் பிரித்து ரெண்டர் செய்யும் வசதி, ஒலி செல்லும் ஒவ்வொரு மிக்ஸர் டிராக்கையும் தனிக் கோப்பாக எழுதுகிறது. நீங்கள் கிக், ஸ்னேர், ஹைஹாட் ஆகியவற்றைத் தனித்தனி டிராக்குகளில் வைத்து, பிறகு ஒரு டிரம் பஸ்ஸில் (பல டிராக்குகள் ஒன்றுசேரும் பொது டிராக்) சேர்த்திருந்தால், அந்தத் தனிக் கோப்புகளோடு பஸ் கோப்பும் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக ஒலிக்கவிடும்போது டிரம்ஸ் மட்டும் இரட்டிப்பாகும். தனிக் கோப்புகளா, பஸ் கோப்பா என்று முடிவெடுத்து ஒன்றை மட்டும் அனுப்புங்கள். மறுபுறம், எந்த மிக்ஸர் டிராக்குக்கும் ஒதுக்கப்படாத கருவிகள் எல்லாம் எல்லா ஒலியும் இறுதியில் சேரும் மாஸ்டர் டிராக்குக்கு நேரே போய் ஒரே குவியலாக வரும். ரெண்டருக்கு முன் ஒவ்வொரு கருவிக்கும் தனி டிராக் ஒதுக்கி, அதற்குப் புரியும்படி பெயர் இடுங்கள்.

இரண்டாவது காரணம் மாஸ்டரில் உள்ள, ஒலியின் உச்சங்களைத் தணிக்கும் கம்ப்ரசரும் லிமிட்டரும். கம்ப்ரசர் தன்னிடம் வரும் ஒலியின் அளவைப் பார்த்தே வேலை செய்கிறது. முழுப் பாடலும் அதன் வழியே போகும்போது, கிக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிங்ஸும் சேர்ந்து தணியும். ஸ்ட்ரிங்ஸ் மட்டும் அதே கம்ப்ரசர் வழியே போனால் அந்தத் தணிவு வராது. அப்படி ஒவ்வொரு டிராக்காக ரெண்டர் செய்தவற்றைக் கூட்டினால் பழைய மிக்ஸ் கிடைக்கவே கிடைக்காது. மாஸ்டர் எஃபெக்ட்களை அணைத்துவிட்டு ரெண்டர் செய்யுங்கள். அவற்றோடு கேட்ட ஒலி உங்களுக்குப் பிடித்திருந்தால், அதை ஒரு முழு மிக்ஸாகத் தனியே அனுப்பலாம். மிக்ஸிங் செய்பவருக்கு அது மிக நல்ல வழிகாட்டி.

மூன்றாவது பான், அதாவது ஒலியை இடம் வலமாக நிறுத்துவது, சார்ந்தது. மோனோ ஒலியை நடுவில் வைத்தால் சில மென்பொருள்கள் அதை 3 டெசிபெல் குறைக்கும், சில குறைக்காது. பான் ரெண்டரிலேயே பதிந்த ஸ்டீரியோ கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எல்லாக் கோப்புகளும் பாடலின் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும், மூன்றாவது நிமிடத்தில் ஒரே ஒரு முறை ஒலிக்கும் சிம்பலாக இருந்தாலும். ஆரம்ப மௌனம் வீண் இடம் போலத் தோன்றலாம். ஆனால் எந்த மென்பொருளிலும் அந்தக் கோப்பை எங்கே பொருத்துவது என்ற கேள்வியே எழாமல் செய்வது அதுதான். ரிவெர்ப் (அரங்க எதிரொலி போன்ற எஃபெக்ட்) தேய்ந்து அடங்கும் வால் வெட்டுப்படாதிருக்க, ரெண்டர் அமைப்பில் எஞ்சியதை விட்டுவைக்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள்.

டெம்போவையும் ஸ்வரங்களையும் மிடி கோப்பாக (ஒலி இல்லாமல் ஸ்வரக் குறிப்புகள் மட்டும் கொண்டது) அனுப்பலாம். எஃப்.எல்.-இல் இதற்காக உள்ள மிடி ஆயத்த மேக்ரோ, உங்கள் கருவிகளை நீக்கி அவற்றின் இடத்தில் மிடி அவுட் சேனல்களை வைத்துவிடும். ஆகையால் ப்ராஜெக்டின் நகலில் மட்டுமே அதைச் செய்யுங்கள், மூலத்தின் மேல் சேமித்துவிடாதீர்கள். எஃப்.எல்.-இல் சி5 என்று தெரியும் 60-ஆம் எண் ஸ்வரம் ப்ரோ டூல்ஸில் சி3 என்று தெரியும். பெயர்தான் வேறு, சுருதி மாறவில்லை.

ஏ.ஏ.எஃப்., ஓ.எம்.எஃப். போன்ற பரிமாற்ற வடிவங்கள் ஒலித்துண்டுகளின் இடத்தையும் ஃபேடுகளையும் கொண்டுசெல்பவை. மிடியையும் சின்தசைசர்களையும் நம்பி அமைந்த உங்கள் பாடலுக்கு அவற்றால் பயன் குறைவு. 2023-இல் பிட்விக், ப்ரீசோனஸ் நிறுவனங்கள் வெளியிட்ட டா-ப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவம் ப்ளக்-இன் அமைப்புகளையும் சுமந்து செல்லும். பிட்விக் ஸ்டுடியோ, ஸ்டுடியோ ஒன், கியூபேஸ் 14 ஆகியவற்றுக்கு இடையே நகர்பவர்கள் அதை முதலில் முயன்று பார்க்கலாம்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. மாஸ்டர் எஃபெக்ட்களை அணைத்த முழு மிக்ஸையும் எல்லாத் தனிக் கோப்புகளையும் புதிய, காலியான ப்ராஜெக்டில் ஒரே இடத்தில் வைத்து, ஃபேடர்களை 0-இல் விட்டு, முழு மிக்ஸின் ஃபேஸை மட்டும் புரட்டி (ஒலி அலையைத் தலைகீழாக்கி) ஒலிக்கவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஏறத்தாழ மௌனமே கேட்கும். டிரம்ஸ் மட்டும் தெளிவாகக் கேட்டால் பஸ் கோப்பு இரட்டித்திருக்கிறது. ஒரு கருவி மட்டும் கேட்டால் அதன் கோப்பு விடுபட்டிருக்கிறது. கோரஸ் போல ஒவ்வொரு முறையும் சற்று மாறி ஒலிக்கும் எஃபெக்ட்கள் மெல்லிய எச்சத்தை விட்டுச்செல்லும். அதற்காக மறுபடி ரெண்டர் செய்ய வேண்டியதில்லை.