'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' படத்தில் வருவதுபோல் குச்சியைக் கடைந்து தீ மூட்ட முடியுமா?

முடியும். ஜான் ஜாக் அன்னோ இயக்கி 1981-இல் வந்த அந்தப் படம் காட்டுவது தீக்கடைகோல் முறைதான். நன்கு காய்ந்த மென்மரப் பலகையில் சிறு குழி, அதன் ஓரத்தில் 'வி' வடிவ வெட்டு. சுண்டுவிரல் தடிமனுள்ள நேரான குச்சியைக் குழியில் நிறுத்தி, உள்ளங்கைகளால் கீழ்நோக்கி அழுத்தியபடியே கடைய வேண்டும்.

பலரும் தோற்பது அந்த வெட்டில்தான். அது இல்லாவிட்டால், கடையும்போது உதிரும் கருந்தூள் ஓரிடத்தில் குவியாது. புகை மட்டுமே மிஞ்சும். கைகள் அடிவரை இறங்கியதும் சட்டென மேலே கொண்டுபோகாவிட்டால் குழி ஆறிவிடும். ஈரமரமோ, சொல்லவே வேண்டாம்: சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும்.

இன்னொன்று, கடைந்தவுடன் சுடர் எழாது. கிடைப்பது கனன்று புகையும் தூள்கங்கு. அதை உலர்ந்த நார்ப்பொதிக்குள் வைத்து மெல்ல ஊதினால்தான் பற்றும். வேகமாக ஊதினால் சிதறிவிடும்.