555 டைமரில் மின் இரைச்சல்: கேள்வி பதில்

சீரான இடைவெளியில் மின்துடிப்பு தரும் சின்னச் சிப்பான 555 டைமர் ஐசியை ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்தார். சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் மின்னணுப் பொருள்கள் விற்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் முதல் சுற்றைக் கட்டிப் பார்க்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்டு வாங்குவது இதைத்தான். நம் ஊர்த் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் இரைச்சலை, அதாவது சுற்றில் வேண்டாமல் எழும் மின் அதிர்வுகளைப் பற்றியவை.

அல்சூர், டிப்ளமோ மாணவர்: ஐயா, 555ஐயும், துடிப்புகளை எண்ணி ஒவ்வொரு விளக்காக ஏற்றும் 4017 ஐசியையும் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை) வைத்து ஓடும் விளக்கு செய்தேன். எல்இடிகள் வரிசையாக எரியாமல் ஒன்றிரண்டைத் தாண்டி எரிகின்றன. சில நேரம் பாதியிலேயே முதல் விளக்குக்குத் திரும்பிவிடுகின்றன. இரண்டு ஐசிகளையும் மாற்றியும் பயனில்லை.

தம்பி, ஐசிகள் நன்றாகத்தான் இருக்கும். முதலில் 4017இன் 15ஆம் காலையும் 13ஆம் காலையும் பாருங்கள். 15 எண்ணிக்கையை முதலுக்குத் திருப்பும் ரீசெட், 13 கிளாக்கை (எண்ண வரும் துடிப்பை) தடுக்கும் கால். இரண்டும் கிரவுண்டில் இருக்க வேண்டும். 15ஐ எதிலும் இணைக்காமல் விட்டால், பக்கத்துக் கம்பியின் துடிப்பே அதை எழுப்பிவிடும். விளக்கு முதலுக்குத் திரும்பும்.

தாண்டுவதற்குக் காரணம் 555தான். சாதாரண என்ஈ555இன் வெளியீட்டில் மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒரு டிரான்சிஸ்டர். நிலை மாறும்போது ஒன்று அணைந்து முடிவதற்குள் மற்றது திறந்துகொள்கிறது. அந்தக் கணத்தில் மின்வழங்கியிலிருந்து கிரவுண்டுக்குச் சில நூறு மில்லிஆம்பியர் நேராகப் பாய்ந்துவிடும். கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மாடியில் தண்ணீர் மெலிகிறதே, அதுபோல 4017க்குப் போகும் வோல்டேஜ் அப்போது சரிகிறது. அதை 4017 கூடுதல் துடிப்பாக எண்ணிவிடக்கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பியின் இண்டக்டன்ஸ் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி. 20 செ.மீ. கம்பியில் 0.3 ஆம்பியர் 100 நானோசெகண்டில் ஏறினால் 0.6 வோல்ட் கம்பியிலேயே விழும். போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டிலும் விழும். அடாப்டரை மாற்றினாலும் இந்தச் சரிவு போகாது. மின்சாரத்தை ஐசியின் வாசலிலேயே சேமித்து வைப்பதுதான் வழி.

555இல் 1ஆம் காலும் 8ஆம் காலும் பள்ளம் உள்ள முனையில் எதிரெதிரே இருப்பதைக் கவனியுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரின் கால்களைக் குட்டையாக வெட்டி, ஐசியின் முதுகின் மேலாகவே அந்த இரண்டுக்கும் குறுக்கே போடுங்கள். பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் ஒன்று, துருவம் பார்த்து. 4017இன் 16க்கும் 8க்கும் இடையே இன்னொரு 0.1. போர்டின் மறுகோடியில் வைத்தால் வைத்ததற்கே பொருள் இல்லை.

ஸ்ரீராமபுரம், பள்ளி ஆசிரியை: 555இன் 5ஆம் காலைச் சில படங்களில் சும்மா விட்டிருக்கிறார்களே, விடலாமா?

விடாதீர்கள் அம்மா. உள்ளே மூன்று 5 கிலோஓம் ரெசிஸ்டர்கள் மின்வழங்கியை மூன்றாகப் பங்கிடுகின்றன. 5ஆம் கால் அதில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும் இடம். எந்த வோல்டேஜில் நிலை மாற வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அங்கே இரைச்சல் ஏறினால் ஒவ்வொரு துடிப்பின் நீளமும் சற்றே மாறும். 0.01 மைக்ரோஃபாரட் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டுவிடுங்கள். ரீசெட் காலான 4ஐப் பயன்படுத்தவில்லையென்றால் நேராக 8ஆம் காலுடன் சேர்த்துவிடுங்கள்.

ஒயிட்ஃபீல்ட், மென்பொருள் பணியில் இருப்பவர்: அதே அடாப்டரில் சிறிய ஒலிபெருக்கியும் ஓடுகிறது. 555இன் துடிப்பு ஸ்பீக்கரில் டிக் டிக் என்று கேட்கிறது.

இரண்டுக்கும் கிரவுண்டுக் கம்பியைத் தனித்தனியாக அடாப்டரின் முனைவரை கொண்டுபோங்கள். ஒன்றின் வழியாக மற்றொன்று திரும்பக் கூடாது. பிறகு 555க்குப் போகும் வழியில் 100 ஓம், அதைத் தாண்டிக் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட். இது 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மெலியச் செய்யும். 555 எதையும் நேராக இயக்காதபோது மட்டுமே இது சரிவரும். இல்லையென்றால் ரெசிஸ்டரிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும்.

இன்னும் நல்ல வழி டிஎல்சி555 போன்ற சிமாஸ் வகைக்கு மாறுவது. கால்வரிசை அதேதான், மாறும்போது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனால் உயர்நிலையில் அது 10 மில்லிஆம்பியர் வரைதான் தரும். ரிலேயை (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்க டிரான்சிஸ்டர் வேண்டும்.

ராமமூர்த்தி நகர், வீட்டுக்காரர்: மொட்டைமாடித் தொட்டிக்கு டைமர் செய்தேன். மோட்டார் நின்றதும் யாரும் பொத்தானை அழுத்தாமலே மறுபடி ஓடத் தொடங்குகிறது.

பொத்தானிலிருந்து, டைமரைத் தொடங்கிவைக்கும் 2ஆம் காலுக்கு வரும் நீளக் கம்பிதான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. 2ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையே 10 கிலோஓம் இருக்கட்டும். ஐசிக்கு அருகே 2ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட்; கம்பி உலோக உறையிட்டதாக (ஷீல்டட்) இருக்கட்டும். ரிலே சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு உள்ள முனை நேர்மின் பக்கம். மோட்டாரை ரிலே நேராக இயக்குவதை நான் ஏற்கமாட்டேன். மோட்டாருக்கென்றே உள்ள பெரிய ரிலேயான காண்டாக்டர் போடுங்கள், அந்த 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஜெயநகர், பொறியியல் மாணவி: மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் முள்முள்ளாக அதிர்வு தெரிகிறது. எல்லாக் கெப்பாசிட்டரும் போட்டாகிவிட்டது.

ஆஸிலாஸ்கோப்பின் ப்ரோபில் (சுற்றைத் தொட்டுப் பார்க்கும் முனை) உள்ள கிரவுண்டுக் கிளிப்பைப் பாருங்கள். அந்த நீண்ட வால்தான் வளையமாக நின்று அதிர்வைக் காட்டுகிறது. அதைக் கழற்றி, ப்ரோப் நுனிக்கு அருகே உள்ள உலோக வளையத்தில் குட்டையான கம்பி சுற்றி, 1ஆம் காலிலேயே தொடச் செய்து மறுபடி பாருங்கள். முள் பெருமளவு குறைந்தால் உங்கள் சுற்று நலம். குறையாவிட்டால் படத்தை அனுப்புங்கள் அம்மா, சேர்ந்து தேடுவோம்.