வெயில் காலத்தில் பழைய கார் எஞ்சின் சூடேறினால் எதை முதலில் சோதிப்பது?

எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நெரிசலில் நிற்கும்போது டாஷ்போர்டின் வெப்பநிலை முள் ஏறி, வண்டி ஓடியதும் இறங்கினால் ரேடியேட்டரை (எஞ்சினைச் சுற்றிவரும் சூடான நீரை ஆற்றும் பாகம்) குளிர்விக்கும் ஃபேன் பக்கம் கோளாறு. பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ஃபேன் சுற்றும். அப்போது சுற்றி, சூட்டில் மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சூடு கூடியதும் ஃபேனை இயக்கும் வெப்ப சுவிட்ச், வயரிங் ஆகியவற்றைப் பாருங்கள். ஏசி போட்டும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார்.

வேகமாக ஓடும்போது சூடேறினால் நீரோட்டம் போதவில்லை: ரேடியேட்டருக்குள் உப்புப் படிவு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு நீரை விடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போடுங்கள்; அதில் பொறித்துள்ள வெப்பநிலையில் (பலவற்றில் 82 அல்லது 88 டிகிரி) திறக்கத் தொடங்க வேண்டும். அதை எடுத்துவிட்டே ஓட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் எரிபொருள் வீணாகும், தேய்மானமும் கூடும்.

பலரும் மறப்பது ரேடியேட்டர் மூடி. 1 பார் அழுத்தம் தாங்கினால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும், ஆவி முகத்தைப் பொசுக்கிவிடும்.

அடர் கூலன்ட்டும் (குளிர்விக்கும் திரவம்) காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், படிவு அதிலிருந்துதான் வருகிறது.

கசிவே தெரியாமல் நீர் குறைகிறதா? ரேடியேட்டரில் குமிழி ஓயாமல் வருகிறதா? ஆயில் பால் நிறமாகிவிட்டதா? ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள். ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும்.