ஐஸ் பிடுங்குமுன் நீங்கள் கழற்றிவிடுங்கள்

கேள்வி: ஒன்டாரியோவில் சிம்கோ ஏரியின் திறந்த கரையில் எங்கள் கொட்டேஜ். குழாய்க் கால்களில் நிற்கும் படகுத்துறையைப் போன குளிர்காலம் அப்படியே விட்டோம். வசந்தத்தில் பார்த்தால் இரண்டு கால்கள் மேலெழும்பி, முன்பகுதி கரைப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இனி தண்ணீரை உறையவிடாமல் கலக்கும் டீ-ஐஸர் மோட்டர் பூட்டினால் போதுமா?

பதில்: உங்கள் கரைக்குப் போதாது. இரண்டு சேதத்துக்கும் காரணம் வேறு வேறு.

கால் எழும்பியது ஐஸின் பிடியால். உறையும் தண்ணீர் குழாயை இறுக்கிப் பிடிக்கும். ஏரி மட்டம் சற்று ஏறினாலும் ஐஸ் குழாயையும் தூக்கிக்கொண்டு எழும்பும். அடியில் விட்ட குழிக்குள் சேறும் மணலும் சரிந்து நிரம்பும். பிறகு மட்டம் இறங்கினாலும் கால் பழைய ஆழத்துக்குப் போகாது. குளிர்காலம் முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கும். டீ-ஐஸர் தடுப்பது இதைத்தான்: 4 பாகை செல்சியஸ் அளவில் தண்ணீர் மிகக் கனமாகி அடியில் தங்கும், மோட்டர் அதை மேலே தள்ளுவதால் கால்களைச் சுற்றி உறையாது.

துறை சாய்ந்தது பெரும்பாலும் ஐஸ் உடையும் நாட்களின் காற்றால். சிம்கோ அகன்ற ஏரி. விடுபட்ட ஐஸ் தகட்டைக் காற்று கரைக்குத் தள்ளிவரும்போது உங்கள் மோட்டர் திறந்துவைத்த சிறு வட்டம் எதையும் நிறுத்தாது.

ஆகவே, தண்ணீரில் இறங்கி நிற்கக்கூடிய குளிர் இருக்கும்போதே, அக்டோபரில் வரும் கனடா நன்றிகூறல் நாள் வார இறுதிக்குள் கழற்றுங்கள். முதலில் பலகைப் பகுதிகளுக்கும் கால்களுக்கும் எண் எழுதுங்கள். ஆழம் இடத்துக்கிடம் மாறுவதால் கால்களின் நீளமும் மாறும். இறுக்கும் திருகாணிகளுக்கு முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். காலை நேரே இழுக்காமல், பைப் ரெஞ்சால் முறுக்கி முறுக்கித் தூக்கினால் சேறு விடும். குழாய்களைச் சரித்து வையுங்கள். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். பலகைகளைக் கரையோரத்தில் அடுக்கவேண்டாம், ஐஸ் அங்கும் ஏறிவரும். மேட்டில் கட்டைகள்மேல் அடுக்கி, காற்றுத் தூக்காதபடி மரத்தோடு கட்டுங்கள்.

கேள்வி: எங்களுடையது காற்றுப்படாத சிறு குடாவில் மிதக்கும் துறை. அதையும் எடுக்கவேண்டுமா?

பதில்: தேவையில்லை. கரையோடு இணைக்கும் நடைபாலத்தைக் கழற்றிவிட்டு, நங்கூரச் சங்கிலிகளைத் தளர்த்துங்கள். இறுக்கமாக விட்டால், வசந்தத்தில் மட்டம் ஏறும்போது சங்கிலி இழுத்துக் கொளுவிகளைப் பிய்த்துவிடும். டீ-ஐஸர் போடுவதானால் எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் தடுப்பும் கட்டாயம் வையுங்கள். மக்கள் நடமாடும் ஐஸில் திறப்பு உண்டாக்குபவர் யாரும் விழாதபடி அதைக் காக்கவேண்டும் என்பது கனடாக் குற்றவியல் சட்டத்தின் 263ஆம் பிரிவு. இரவில் ஸ்னோமொபைலில் வருபவருக்குக் கறுத்த தண்ணீர் தெரியாது.