லூப் திரும்பும் இடத்தில் ரிவர்ப் அறுபடுவது பற்றி

வணக்கம். புதிதாக வாங்கிய டிஎல்4 மார்க் 2 கிட்டார் பெடலில் லூப் (பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டு) முதலுக்குத் திரும்பும்போதெல்லாம் ரிவர்ப், அதாவது எதிரொலி, பட்டென்று அறுபடுகிறது, பெடலே பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். பழுதெல்லாம் இல்லை, கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

லூப்பைப் பதிவுசெய்யும் லூப்பர், ஒலி போகும் வரிசையில் ரிவர்புக்குப் பின்னால் இருந்தால் எதிரொலியும் சேர்ந்துதான் பதிவாகும். ஆனால் நீங்கள் ரெக்கார்டிங்கை முடிக்கும் நொடியில் கடைசியாக மீட்டிய கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) எதிரொலி இன்னும் அடங்கியிருக்காது. மிச்சம் பதிவில் ஏறாது. முதல் முறை திரும்பும்போது அது நேரடியாகக் கேட்பதால் ஒன்றும் தெரியாது. அடுத்த சுற்றில்தான் முதல் கார்டு மொட்டையாக வந்து விழும்.

ரெக்கார்டிங் முடிந்ததும் பிளேக்குப் போகாமல் நேராக ஓவர்டப்புக்கு (ஓடும் லூப்பின் மேலேயே பதிவுசெய்வது) போங்கள். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு சும்மா இருங்கள். மிச்ச எதிரொலி லூப்பின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அது அடங்கியபின் பிளே. அல்சூர் ஜேம் ரூமில் டிரம்மரோடு வாசிக்கும் முன் வீட்டில் காலுக்குப் பழக்கிவிடுங்கள்.

லூப்பரை ரிவர்புக்கு முன்னால் வைத்தாலும் இந்த வெட்டு போய்விடும். ஆனால் நடுவில் டிலேயை (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் எஃபெக்ட்) மாற்றினால் பின்னால் ஓடும் லூப்பும் சேர்ந்து மாறும். எனக்கு அது பிடிக்காது.

அப்புறம், நண்பரின் பழைய டிஎல்4 அடாப்டரை இதில் செருகாதீர்கள். அது 9 வோல்ட் ஏசி, உங்களுடையதற்கு 9 வோல்ட் டிசி வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கினால் சென்டர் நெகட்டிவ்தானா (பிளக்கின் நடுமுனை மைனஸா) என்றும் பார்த்து வாங்குங்கள்.