ஆய்வில் சேர்ந்தால் ஸ்டென்ட் இலவசம் என்கிறார்கள். அப்பாவைச் சேர்க்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: அப்பாவுக்கு 61 வயது. மாடி ஏறினால் நெஞ்சில் இறுக்கம். ஆஞ்சியோவில் ஒரு குழாயில் அடைப்பு தெரிந்திருக்கிறது. ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்கம்பி) வைக்க வேண்டும் என்கிறார்கள். இந்தியாவிலேயே தயாரான புது ஸ்டென்ட் ஒன்றின் ஆய்வில் சேர்ந்தால் அதற்குக் காசு இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். "உங்கப்பாவைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று அம்மா அழுகிறார்.

மதுரையில் ஓர் இதய மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். ஒப்புதல் படிவத்தோடு ஒருவர் உங்கள் அப்பாவின் கட்டிலருகே வந்து நின்றிருப்பாரே, அந்த வேலைதான். நான் மருத்துவர் இல்லை. ஆகவே அடைப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். ஆய்வைப் பற்றிச் சொல்லலாம்.

முதலில் அம்மாவுக்கு. ஸ்டென்ட் ஆய்வில் எலிக்குப் பெரிதாக வேலை இல்லை. மனிதருக்கு முன்னால் அதைச் சுமப்பது பன்றி. அதன் இதயக் குழாய்கள் அளவிலும் அமைப்பிலும் நம்முடையதை ஒத்தவை. செயற்கை வால்வு என்றால் செம்மறியாடு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தானின் குழு இதய வால்வு செய்யப் புறப்பட்டபோது, முதல் மூன்று மாதிரிகள் மனித இதயத்தை எட்டாமலே தோற்றன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குள் போனது. சென்னை டிடிகே குழுமத்தின் பெயரோடு நாடு முழுவதும் பரவிய சித்ரா வால்வு அதுதான். அந்த முதல் நோயாளி எடுத்துக்கொண்ட துணிச்சலுக்கும், பல ஆண்டுகள் கழித்து அதே வால்வைப் பொருத்திக்கொண்டவர் எடுத்ததற்கும் நிறைய இடைவெளி உண்டு. இரண்டு பேரையும் "ஆய்வு" என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டுப் பயப்படுவதால்தான் குழப்பம்.

ஆகவே நாளை நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது முன்னோட்ட ஆய்வா, முதன்மை ஆய்வா என்பது. முன்னோட்டத்தில் சில பத்துப் பேர்தான் இருப்பார்கள். கருவி உள்ளே போய்ச் சரியாக உட்காருகிறதா, ஆபத்து ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். முதன்மை ஆய்வில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரத்தைத் தாண்டியோ ஆள் சேர்ப்பார்கள். அதில் பாதிப் பேருக்குப் புதியது, மீதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள நல்ல ஸ்டென்ட். சில ஆய்வுகளில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கும் உண்டு. என் மாமனாரை முதன்மை ஆய்வு ஒன்றில் நானே சேர்த்தேன். அதே ஆண்டில் என் அண்ணனை ஒரு முன்னோட்ட ஆய்வுக்குக் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். அண்ணனுக்கு இன்றுவரை அதில் சிறு வருத்தம். வீட்டுக்குள் நான் மாமனார் கட்சி, அண்ணன் கட்சி என்று பார்த்துவிட்டேனாம்.

யாருக்கு எது என்று மருத்துவர் முடிவு செய்வதில்லை. அதைக் கணினி சொல்லும். எங்கள் படிவத்தில் இதற்கு "சீரற்றமயமாக்கல்" என்று ஒரு சொல் போட்டிருந்தார்கள். படித்த பேராசிரியர் ஒருவரே அதைக் கண்டு மிரண்டார். திருவுளச்சீட்டு என்று நான் சொல்ல ஆரம்பித்த பிறகு, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் ஒரு நொடியில் விளங்கியது. "நெஞ்சுக்குள் வைக்கிற ஸ்பிரிங்குக்குச் சீட்டுக் குலுக்கலா?" என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. புதியது எனக்குப் பிடித்திருக்கிறது என்று மருத்துவர் நினைத்தால், தெம்பாக உள்ளவர்களுக்கெல்லாம் அதை வைத்துவிட்டு, தளர்ந்தவர்களுக்குப் பழையதை வைப்பார். பிறகு புதியது ஜெயித்துவிட்டது என்று நாமும் நம்புவோம். சீட்டுக் குலுக்குவது அதற்காகத்தான்.

இந்தியத் தயாரிப்பு என்பதால் பயம் வேண்டாம். சூரத்தில் செய்யப்படும் சுப்ராஃப்ளெக்ஸ் என்ற ஸ்டென்ட்டை, உலகம் முழுவதும் வைக்கப்படும் சையன்ஸ் ஸ்டென்ட்டோடு டேலன்ட் என்ற ஆய்வில் மோதவிட்டார்கள். நடந்தது ஐரோப்பாவில், 23 மருத்துவமனைகளில், 1,435 பேரிடம். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, ஓராண்டில் சிக்கல் வந்தவர்கள் சூரத் ஸ்டென்ட்டில் 4.9 சதவீதம், மற்றதில் 5.3 சதவீதம். பழையதற்குப் புதியது சளைத்ததல்ல என்பதே அங்கே நிறுவப்பட்டது. இன்றைய ஸ்டென்ட் ஆய்வுகளில் மிகப் பல இந்த வகைதான். இருப்பதே நன்றாக வேலை செய்வதால், அதை வென்றுகாட்டுவது கடினம்.

இந்தச் "சளைத்ததல்ல" என்பதில்தான் நீங்கள் கொஞ்சம் உன்னிப்பாக இருக்க வேண்டும்.

அப்சார்ப் என்று ஒரு கருவி இருந்தது. உலோகம் கிடையாது. பாலிலாக்டைடு என்ற பொருளால் ஆனது. குழாயைத் தாங்கிப் பிடித்துவிட்டு மூன்று ஆண்டுகளில் தானே கரைந்து போய்விடும். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இனி உலோக ஸ்டென்ட்டின் காலம் முடிந்தது என்றே எங்கள் கேத் லேபில் (ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கும் அறை) பேசிக்கொண்டார்கள். அமெரிக்காவில் அதற்கு நடந்த பெரிய ஆய்வில் 2,008 பேர் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அப்சார்ப் வைத்தவர்களில் 7.8 சதவீதம் பேருக்குச் சிக்கல், சையன்ஸ் வைத்தவர்களில் 6.1 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் எவ்வளவு வரை போகலாம் என்று முன்கூட்டியே ஓர் எல்லை போட்டிருந்தார்கள். இது அதற்குள் அடங்கியது. தேறிவிட்டது! 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது.

இரண்டாம் ஆண்டுக் கணக்கு 2017-ல் வந்தது. அப்சார்ப் வைத்தவர்களில் 11 சதவீதம் பேருக்குச் சிக்கல், சையன்ஸ் வைத்தவர்களில் 7.9. கருவிக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டவர்களும் அப்சார்ப் பக்கம் கூடுதல். அதன் கம்பிகள் சையன்ஸின் கம்பிகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிமன். சிறிய குழாய்களில் வைத்தபோது விளைவு இன்னும் மோசம். அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. கரைந்துபோகும் என்று வந்தது, கரைவதற்குள் சந்தையை விட்டுப் போனது. ஆனால் ஏற்கெனவே வைத்தவர்களிடமிருந்து திரும்ப எடுக்க முடியுமா? மாத்திரை ஆய்வில் கோளாறு தெரிந்தால் மறுநாள் காலை மாத்திரையை நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டை நிறுத்த முடியாது. குழாயின் சுவர் வளர்ந்து அதைத் தன்னோடு சேர்த்து மூடிவிடும். (அந்தக் கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே நிறுவனம் மெல்லிய கம்பிகளோடு செய்த கரையும் ஸ்டென்ட் ஒன்று, முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களில் வெறும் பலூனைவிட நன்றாக வேலை செய்து 2024-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. இதயத்தில் தோற்ற யோசனை காலில் தேறியது.)

இது முதல்முறையும் அல்ல. மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த காலத்தில், 2002-ல் வெளியான ராவெல் ஆய்வில் 238 பேர். ஆறு மாதத்தில் வெற்று உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்குக் குழாய் மறுபடி சுருங்கியிருந்தது. மருந்து பூசியதில் ஒருவருக்குக்கூட இல்லை. உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2006-ல் பார்சிலோனாவில் நடந்த இதய மருத்துவ மாநாட்டில், தாமதமாக வரும் ரத்த உறைவு பற்றிய கணக்குகள் வெளியாகி எல்லோரையும் உலுக்கின. ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரையை ஓராண்டு விடாமல் சாப்பிடுங்கள் என்ற கண்டிப்பு அதன் பிறகுதான் வலுத்தது. ஸ்டென்ட்டுகளும் மேம்பட்டன.

அதனால் உங்கள் அப்பாவின் ஆய்வில் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஐந்து என்றால் நல்லது. ஒன்று என்றால் எனக்குத் தயக்கம்தான். அந்த ஐந்து ஆண்டுகளும் யார் கூப்பிடுவார்கள், எந்த எண்ணிலிருந்து என்பதையும் கேட்டு வையுங்கள். எங்கள் மருத்துவமனையில் அப்படிக் கூப்பிட்டது நான்தான். "நெஞ்சு வலி வந்ததா, வேறு எங்காவது சேர்த்தார்களா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" மூன்றே கேள்விகள். ஆள் கிடைத்தால் இரண்டு நிமிட வேலை. கிடைக்காவிட்டால் இரண்டு நாள். திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒருவரைத் தேடி, படிவத்தில் இருந்த மூன்றாவது எண்ணைக் கூப்பிட்டேன். கடன் வசூலிக்க வந்த அழைப்பு என்று நினைத்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவர் மனைவி வைத்துவிட்டார். நான்காம் முறை, இருபதாவது நாள் பேசினோம். மாத்திரையை ஐந்தாவது மாதமே நிறுத்தியிருந்தார். உடம்பு நன்றாகிவிட்டது, பிறகு எதற்கு என்று. அன்று மாலையே அவரை மருத்துவரிடம் பேசவைத்தேன். ஆய்வில் இல்லாத நோயாளிக்கு இப்படித் துரத்தித் துரத்திக் கேட்க ஒருவர் இருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். மாமனாரைச் சேர்த்ததற்கு என் உண்மையான காரணம் இதுதான். இலவச ஸ்டென்ட்டுக்காக இல்லை.

இலவசம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஸ்டென்ட் ஒன்று லட்சத்தைத் தாண்டி விற்ற காலம் போய்விட்டது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு போட்டு, மருந்து பூசியதை 29,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அந்தத் தொகை அவ்வப்போது திருத்தப்படுகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை வருகிறது. ஆகவே மிச்சமாகும் பணம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். எதெல்லாம் இலவசம் என்பதைத் துருவிக் கேளுங்கள். ஸ்டென்ட் மட்டுமா, பலூனும் கேத் லேப் செலவும் சேர்த்தா, ஓராண்டு மாத்திரையா, மறுபரிசோதனைக்கு வரும் பஸ் செலவா? படிவத்தில் எழுத்தில் இல்லாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. எந்த ஸ்டென்ட் என்பதற்கு முன்னால், ஸ்டென்ட் வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. ஹார்ட் அட்டாக் வந்து கொண்டிருப்பவருக்கு இந்தக் கேள்வியே கிடையாது, அங்கே அது உயிர் காக்கும். ஆனால் மாடி ஏறினால் மட்டும் இறுக்கம் என்பது வேறு. லண்டனில் ராஷா அல்-லமீ என்ற மருத்துவரின் குழு 2017-ல் ஓர்பிட்டா என்ற ஆய்வை வெளியிட்டது. அவர்கள் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். 200 பேரையும் கேத் லேபுக்குள் கொண்டுபோய், காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டு, மயக்கத்தில் வைத்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வைத்தது போல நடித்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்தவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் மருந்து மாத்திரை முழு அளவில் கொடுத்திருந்தார்கள். ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடக்கவிட்டால், நடித்த குழுவைவிட ஸ்டென்ட் வைத்த குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது சராசரியாகப் 16.6 நொடி. அது தற்செயலாகவும் வரக்கூடிய அளவு. ஸ்டென்ட்டே வீண் என்று சிலர் கொக்கரித்தார்கள், அது அவசரம். அதே குழு 2023-ல் நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி செய்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் தீர்ந்துவிடவும் இல்லை. ஆகவே, "முதலில் மாத்திரையை முழு அளவில் கொடுத்துப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. ஆய்வுக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்ற அவசரம் எங்கள் துறையில் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மாதக் கடைசியில் எண்ணிக்கை கேட்டு மின்னஞ்சல் வரும்.

உரிமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேர மறுத்தால் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. நடுவில் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. (விலகினாலும் ஸ்டென்ட் உள்ளேதான் இருக்கும். அதனால் விலகுவதைவிட, தொலைபேசி அழைப்பையாவது எடுப்பது நல்லது.) ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு, அது எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஆய்வில் சேருபவர்களின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்க வேண்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேளுங்கள். இப்போதே கையெழுத்து, நாளைக்கே கேத் லேப் என்று அவசரப்படுத்தினால் நான் எழுந்து வந்துவிடுவேன். கையெழுத்திட்ட பிறகு ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடப் போவது உங்கள் அப்பா. நீங்களும் அம்மாவும் பேசி முடித்துவிட்டு அவரிடம் பேனாவை நீட்டாதீர்கள். என் மாமனார் 18 பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மாலை படித்தார். நான் ஒன்பது ஆண்டுகளில் கவனிக்காத ஓர் எழுத்துப் பிழையைப் பதினோராம் பக்கத்தில் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்.

நம் நாட்டில் நடக்கும் ஆய்வுகள் ஆள் சேர்க்கத் தொடங்கும் முன்பே சிடிஆர்ஐ (CTRI) என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏற வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம், காசு இல்லை. எத்தனை பேர், எதோடு ஒப்பிடுகிறார்கள், எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அப்பாவின் பெயரும் மருத்துவமனைச் சீட்டும் வேண்டாம், எண் மட்டும் போதும்.