கூண்டு இல்லாத முட்டைக்கு இரட்டை விலை தரலாமா?

கேள்வி: நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் ஆறு முட்டை உள்ள ஒரு பெட்டி புதிதாக வந்திருக்கிறது. ‘கூண்டில் அடைக்காத கோழியின் முட்டை’ என்று போட்டு, சாதா முட்டையைவிட இரண்டு மடங்கு விலை. அதைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள் மகள். ‘முட்டை முட்டைதானே’ என்கிறார் மாமியார். நான் யார் பக்கம்? – வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் சத்தைப் பற்றிப் பேசுகிறார், மகள் கோழியைப் பற்றி. சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அது கோழி தின்னும் தீனியைப் பொறுத்தது. மஞ்சள் கருவின் நிறமும் அப்படித்தான். தீனியில் துலுக்கச் சாமந்தித் தூள் கலந்தால் கூண்டுக் கோழியின் கருவும் செக்கச்செவேலென்று இருக்கும். ஓட்டின் நிறம் இனத்தால் வருவது.

இனி மகளின் கட்சி. டெல்டா கடைகளில் கிடைக்கும் வெள்ளை முட்டையில் பெரும்பாலானவை நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் இருந்து வருபவை. அங்கே கோழிகள் கம்பிக் கூண்டுகளில் இருக்கும். ஒரு கோழிக்கு 450 சதுர சென்டிமீட்டர் என்பது நம் நாட்டில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. ஜெராக்ஸ் கடையில் தரும் ஏ4 தாள் 623 சதுர சென்டிமீட்டர். அதில் முக்கால் தாள் அளவுகூட வராத இடத்தில் ஒரு கோழி தன் முட்டையிடும் காலம் முழுக்க நிற்கிறது. கூண்டுக்கு நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எச்சம் கீழே விழுந்துவிடும், முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும். அதனால் முட்டை சுத்தமாக இருக்கும், குடற்புழுத் தொல்லையும் குறைவு. ஆனால் சிறகு விரிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது, ராத்திரி ஏறி உட்காரக் கொம்பு இல்லை. முட்டையிடும் நேரத்தில் நம் கொல்லைக் கோழி வைக்கோல் போர், விறகு அடுக்கு என்று மறைவு தேடி அலைவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தவிப்பு கூண்டுக் கோழிக்கும் உண்டு. போக இடம்தான் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டை 2012-இல் தடை செய்துவிட்டது. கூண்டு வைத்தால் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம், முட்டையிட மறைவு, கொம்பு எல்லாம் வேண்டும். நம் சட்ட ஆணையமும் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் முட்டைக் கோழிகளுக்காக ஒரு வரைவு விதியை எழுதிக் கொடுத்தது.

ஆனால் ஒன்று. ‘கூண்டு இல்லை’ என்றால் மேய்ச்சல் என்று பொருள் இல்லை. கொட்டகைத் தரையில் நெருக்கியடித்து விட்டாலும் கூண்டு இல்லைதான். அங்கே ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிய்த்துக்கொள்ளும். ஐரோப்பாவில் முட்டை ஓட்டிலேயே எண் குத்தியிருப்பார்கள்: 0 இயற்கை முறை, 1 மேய்ச்சல், 2 கொட்டகை, 3 கூண்டு. நம்மூர் முட்டையில் அப்படி எதுவும் இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் பேக் செய்தவரின் போன் நம்பர் இருக்கும். கோழிக்கு எத்தனை சதுர அடி, கொம்பு உண்டா, வெளியே விடுகிறீர்களா, கொத்தாமலிருக்க மூக்கு நுனியை வெட்டுகிறீர்களா என்று கேளுங்கள். தரையில் வளர்த்தால் இரண்டு சதுர அடியாவது வேண்டும். ஐந்து கோழிக்கு, உள்ளே போய் முட்டையிட ஒரு பெட்டி. ஒழுங்காக வளர்ப்பவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதுதான் கஷ்டம். மழுப்பினால் சாதா முட்டையே வாங்குங்கள். பெட்டியில் போட்டிருப்பது பொய் என்று தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு வண்டியில் வருபவர் தினமும் நூறு நாட்டு முட்டை விற்கிறார். எல்லாம் தன் வீட்டுக் கோழி போட்டது என்கிறார். நம்பலாமா? – வாசகர், திருவாரூர்

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டுக் கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை போட்டுவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு அறுபது, எழுபது தேறினால் அதிகம். தினம் நூறு முட்டை வேண்டுமென்றால் ஐந்நூறு கோழிக்கு மேல் வேண்டும். அவர் வீட்டில் ஐந்நூறு கோழி இருந்தால் தெருவே தூங்காது. கிராமப்பிரியா போன்ற கலப்பினமாக இருக்கலாம். அது தப்பில்லை, ஆனால் அதற்கு நாட்டு முட்டை விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: பத்துக் கோழி வளர்க்க மூன்றடுக்குக் கம்பிக் கூண்டு விலை பேசியிருக்கிறேன். வாங்கலாமா சார்? – வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வேண்டாம் தம்பி. உப்புக் காற்றில் அந்தக் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துக் கோழியின் காலைக் கிழிக்கும். கொல்லை இருக்கிறது அல்லவா, பகலில் மேயட்டும். ராத்திரி அடையத்தான் கூண்டு வேண்டும். பக்கத்துப் பட்டறையில் ஐந்தடிக்கு நான்கடி மரக்கூண்டு செய்யச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் ஊர், அதனால் கால் மூன்றடி உயரமாவது இருக்கட்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் உள்ளே இறங்காது. உள்ளே ஐந்தடி நீளத்துக்கு ஒரு கொம்பு, இருட்டான மூலையில் முட்டையிட இரண்டு பெட்டி, தரையில் உமி. உமி நனைந்து கண் எரிகிற வாடை அடித்தால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

கூரைக்குக் கீற்றுப் போடுங்கள். வெறும் தகரம் போட்ட ரெடிமேட் கூண்டை வாங்கி, சித்திரை வெயிலில் ஒரே மத்தியானத்தில் இரண்டு விடைக்கோழியைப் பறிகொடுத்தவன் நான். விற்றவரிடம் போனால், ‘கோழிக்குச் சீக்கு சார்’ என்றார். பில் வாங்காததால் மேலே பேச என் கையில் ஒன்றும் இல்லை. நீங்கள் அளவு, கம்பி, கூரை எல்லாம் எழுதிய பில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணமே கிடையாது.

காசு கொடுக்கும் முன் வலைக் கண்ணில் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழைந்தால் பாம்பும் நுழையும்.